மூத்த செவியும் இசையும்

கடந்த விடுமுறையிற் பேராதனையிலிருந்து ஊருக்குச் சென்றபோது, அம்மப்பாவின் கசற் றெக்கோடரையும் அதனோடு சேர்ந்த நாடாக்களையும் யாருக்கேனும் கொடுத்துவிடுவதென வீட்டில் முடிவாகியிருந்தது. "அவருக்குத்தான் காது கேக்கிறேல்லையே, இனி என்னத்துக்கு?" என்றார் அம்மா. எண்பத்திரண்டு வயதான அம்மப்பா அருகிலேதான் அமர்ந்திருந்தார். அவர் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. அது அவர் செவியில் விழுந்ததோ என்பதும் தெரியவில்லை.

1975இல் மறைந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தி எந்தக் கோயிலில் வாசித்தாலும் சைக்கிளிற் சென்று விடியும்வரை கேட்டிருந்தவர் அவர். அத்தகைய ஒருவருக்கு இசை முடிந்துவிட்டது என்று பிறர் தீர்மானிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எனவே அவர் இழந்தது எது, இழக்காதது எது என அறிய முற்பட்டேன்.

முதுமையில் வரும் செவிக்குறைபாடு எல்லா ஒலிகளையும் ஒரே அளவிற் குறைப்பதன்று. உட்செவியில் நத்தையோடு போலச் சுருண்ட குழலொன்று உண்டு. அதன் வாயிலருகே உள்ள மயிர்க்கலங்கள் உயர்ந்த மீடிறன் கொண்ட ஒலிகளையும், உச்சியில் உள்ளவை தாழ்ந்தவற்றையும் உணர்வன. பெரும்பாலும் முதலில் அழிவன வாயிலருகே உள்ளவையே. அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. உயிரொலிகளின் வலு பெரும்பாலும் தாழ்ந்த மீடிறன்களில் உள்ளது. வல்லின மெய்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறியச் செய்யும் நுண்கூறுகளோ பெரிதும் 2,000 ஹேர்ட்ஸுக்கு அண்மையிலும் அதற்கு மேலும் கிடக்கின்றன. ஆகவேதான் நான் சொல்லும் 'பத்து' அம்மப்பாவுக்குப் 'பட்டு' ஆகின்றது. இளைப்பாறிய தமிழாசிரியராகிய அவர் இதனை, "மெய் போட்டுது மோனை, உயிர் கிடக்குது" என்று சொல்லிச் சிரித்தார்.

இனி இசையை நோக்குவோம். எமது வாய்ப்பாட்டிற் சுரங்களின் அடிப்படை மீடிறன் 1,000 ஹேர்ட்ஸைத் தாண்டுவது அரிது. அதாவது, சொல்லை அவரிடமிருந்து பறித்த குறைபாடு இராகத்தைப் பெருமளவு விட்டுவைத்திருந்தது. தம்புராவின் மேலொலிகளின் மினுக்கமும், தவிலின் வலந்தலையிலே விரற்கூடுகள் எழுப்பும் கூர்மையும் அவருக்கு மங்கிவிட்டன என்பது உண்மையே. கோயிலில் அவர் தாளக்காரரின் கைகளையே உற்றுப் பார்த்திருப்பதன் காரணமும் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

அவ்வாறாயின் அவர் ஏன் கேட்பதை நிறுத்தினார்? குற்றம் பாதி காதுக்கருவியினுடையது. அது பேச்சுக்கென அமைக்கப்பட்டது. மெல்லிய ஒலியைப் பெருக்கி, வல்லொலியை அமுக்கி, இசையின் ஏற்ற இறக்கத்தைத் தட்டையாக்கியது. புல்லாங்குழலின் நீண்ட சுரத்தையோ தன்னுள் எழும் கூவலொலியென்று பிழையாகக் கருதி, அதனை அடக்க முனைந்து நடுங்க வைத்தது. "குழலுக்குக் குளிர்காய்ச்சல்" என்று கூறி அதனை மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டார். வீட்டாரோ ஒலியைக் கூட்டினர், அதுவும் பிழையே. முதிய செவிக்கு மெல்லொலி எட்டாது, வல்லொலியோ விரைவில் வதையாகும். இடைவெளி ஒடுங்கிய செவி அது.

கருவியை மீண்டும் பரிசோதகரிடம் கொண்டு சென்றோம். இசைக்கென வேறோர் அமைப்பு அதில் இடம்பெறலாம் என்பதை முன்னர் எவரும் எமக்குச் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. அவ்வமைப்பில் அமுக்கமும் கூவலடக்கமும் குறைக்கப்பட்டன. வீட்டில் மின்விசிறியை நிறுத்தி, ஒலிபெருக்கியை அவர் கதிரைக்கு ஒரு முழத் தூரத்தில் வைத்து, ஒலியை அளவாக விட்டேன்.

பழைய நாதஸ்வர நாடாவொன்று ஓடியது. நான் முகாரியோ எனத் தயங்கிக்கொண்டிருக்க, அவர் கண்களை மூடியபடியே "பைரவி" என்றார். சற்று நேரத்தில் ஓரிடத்திற் கை உயர்த்தி, "இதிலை ஆள் கொஞ்சம் அவசரப்பட்டிட்டார்" என்றார். நாடாவைத் திருப்பிக் கேட்டேன். அவர் சொன்னது சரிதான்.

இன்னொன்றும் நடந்தது. நாடாவின் இரைச்சல் பொறுக்காமல், "பதிவு பழுதாப் போச்சுது அம்மப்பா" என்று அவர் காதருகே சொன்னேன். அவர் வியப்புடன் என்னைப் பார்த்தார். "என்ன பழுது? நல்ல துப்புரவாக் கேக்குதே!" அந்த இரைச்சல் பெரிதும் உயர் மீடிறன்களில் நிற்பது, அவர் செவி அதனை உள்ளே விடுவதில்லை. குறையற்ற செவியென நான் நம்பியிருந்த என்னுடையதற்குக் கிடைக்காத தூய பதிவு அவருக்குக் கிடைத்திருந்தது! அவரது இழப்பை நான் சிறிதாக்கவில்லை. அன்றிரவும் உணவு மேசையில் எல்லோரும் பேசிக்கொண்டிருக்க, அவர் எவர் வாயையும் பார்த்து அலுத்து முன்னதாகவே எழுந்து சென்றார்.

புறப்படும் நாளில், "போட்டு வாறன் அம்மப்பா" என்று இருமுறை சொன்னேன். தலையாட்டிவிட்டு, நாடாவை மற்றப் பக்கம் திருப்பிப் போடச் சொன்னார். பேருந்துக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. நானும் அமர்ந்துகொண்டேன்.