அம்மாவின் போனைத் தொடாமல்

எங்கள் சனிக்கிழமை வகுப்பில் ஒரேயொரு விதிதான் இருக்கிறது. சொல்லிக் கொடுப்பவர் யாருடைய போனையும் கையில் வாங்கக்கூடாது. விரலால் காட்டலாம், வாயால் சொல்லலாம், தன்னுடைய போனில் செய்து காட்டலாம். அவ்வளவுதான்.

சின்ன விஷயம் போலத் தெரியும். செய்து பாருங்கள். "இது என்னெண்டு ஒருக்காப் பார்" என்று அம்மா போனை நீட்டும்போது கையைக் கட்டிக்கொண்டு இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். வேலை, பிள்ளைகளின் நீச்சல் வகுப்பு, இரவுச் சமையல் எல்லாவற்றுக்கும் நடுவில், நாலு செக்கனில் நாங்களே அழுத்திவிட்டுத் திருப்பிக் கொடுப்பதுதான் இலகு. பாஸ்வேர்ட் எங்கள் தலையில் இருக்கும், இமெயில் எங்கள் பெயரில் இருக்கும். நாலு செக்கன் நாலு செக்கனாக, பத்து வருஷம் இப்படியே போய்விடும்.

வடமேற்கு லண்டனில் ஒரு நூலகத்தின் மூலையில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து இதை நடத்துகிறோம். நான் சொஃப்ட்வேர் எஞ்சினியர். மாஸ்டர்ஸில் படித்த ஒன்றும் அந்த மேசையில் உதவவில்லை. உதவுவது தமிழ்தான், அதிலும் சிக்கல் உண்டு. "கடவுச்சொல்லைப் போடுங்கோ" என்றதற்கு ஒரு ஐயா பையைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து வைத்தார். கடவுச்சீட்டும் கடவுச்சொல்லும் அவருக்கு ஒரே வீட்டுப் பிள்ளைகள். அன்றிலிருந்து "பாஸ்வேர்ட்" என்றே சொல்கிறோம். வங்கியும் வட்ஸ்அப்பும் அனுப்புகிற கோடை மட்டும் "திறப்பு" என்கிறோம். "ரோட்டில போற ஆள் வீட்டுத் திறப்பைக் கேட்டால் குடுப்பியளோ?" "நான் ஏன் குடுக்கிறன்?" அதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை.

பலர் முதலில் வந்தது விசாவுக்காக. இங்கே பி.ஆர்.பி. என்ற பிளாஸ்டிக் அட்டைகளில் பெரும்பாலானவை 2024 டிசம்பர் 31ஆம் திகதியோடு காலாவதியாகிவிட்டன. இப்போது எல்லாம் இ-விசா. வாடகை வீட்டுக்கோ வேலைக்கோ உரிமையைக் காட்ட வேண்டுமென்றால், இணையத்தில் கணக்கைத் திறந்து ஒன்பது எழுத்து ஷெயார் கோட் எடுக்க வேண்டும். அது 90 நாளைக்குச் செல்லும். எங்களுக்கு ஐந்து நிமிஷ வேலை. ஆனால் ஊரை விட்டு ஓடும்போது பிறப்புச் சான்றிதழைப் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு கட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு, கையில் பிடிக்க ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை என்பது வேறு விஷயம். அவர்கள் எல்லாப் பக்கத்தையும் பிரின்ட் எடுத்துக் கேட்பார்கள். நாங்கள் எடுத்துக் கொடுப்போம், சிரிக்க மாட்டோம்.

சிலர் வருவது நூலகத்து வைஃபைக்காக. வீட்டில் இன்டர்நெட் இல்லை, அதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதும் இல்லை. வசதி குறைந்தவர்களுக்கு இலவச டேட்டா சிம் கொடுக்கும் நேஷனல் டேட்டாபாங்க் என்ற திட்டம் பல நூலகங்கள் வழியாக நடக்கிறது. பென்ஷன் கிரெடிட் எடுப்பவர்களுக்குக் குறைந்த கட்டணத்தில் பிரோட்பாண்டும் உண்டு. கேட்டால்தான் கிடைக்கும். கேட்க வெட்கம்.

வெட்கம் என்றதும் ஒரு மாமியின் கதையைச் சொல்ல வேண்டும். அவரிடம் கேட்டுக்கொண்டு, சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். மூன்று கிழமையாக வந்து பேசாமல் இருந்தவர், நாலாவது கிழமை எல்லோரும் போன பிறகு போனை எடுத்து ஒரு பழைய மெசேஜைக் காட்டினார். 'அம்மா, போன் உடைஞ்சு போச்சு, இது புது நம்பர், அவசரமா ஒரு பில் கட்ட வேணும்' என்ற பொருளில் ஆங்கிலத்தில் இருந்தது. அவர் 1,800 பவுண்ட்ஸ் அனுப்பிவிட்டார். நாலு மாசமாக வீட்டில் யாருக்கும் தெரியாது.

"மகனுக்குத் தெரிஞ்சால் போனைப் பறிச்சுப்போடுவான், தம்பி." காசு போனதைவிட அந்தப் பயம்தான் பெரிதாக இருந்தது. தங்கச்சியின் முகத்தைப் பார்த்துக் கதைப்பதும், ஊர்க் கோயில் திருவிழாவைப் பார்ப்பதும் அந்தப் போனில்தான்.

எப்படி நம்பினீர்கள் என்று கேட்டேன். "அவன் எப்பவும் இப்பிடித்தானே எழுதுவான்" என்றார். யோசித்துப் பாருங்கள். எங்களில் எத்தனை பேர் அம்மாவுக்குத் தமிழில் எழுதுகிறோம்? அரை வரி ஆங்கிலம், ஒரு அவசரம், ஒரு காரியம். எந்தக் கள்ளனும் சுலபமாகப் பிள்ளையாக நடிக்கலாம்.

159 என்ற நம்பரை அழைத்தால் இங்குள்ள பெரும்பாலான வங்கிகளுக்கு நேராகப் போகலாம். மாமிதான் அழுத்தினார், நாங்கள் பக்கத்தில் இருந்தோம். 2024 அக்டோபர் 7இலிருந்து, பிரித்தானியாவுக்குள் இப்படி ஏமாற்றப்பட்டுக் கணக்கிலிருந்து அனுப்பிய பணத்தை, சில நிபந்தனைகளோடு, 85,000 பவுண்ட்ஸ் வரை வங்கிகள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. 13 மாதத்துக்குள் கேட்க வேண்டும், 100 பவுண்ட்ஸ் வரை கழிக்கலாம். மாமிக்கு 1,700 வந்தது. மகனுக்குச் சொல்வதா என்பதை அவரிடமே விட்டோம். காசு வந்த அன்றைக்கு அவரே சொன்னாராம்.

இதை வாசிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அம்மாவோ அப்பாவோ ஏமாந்துவிட்டேன் என்று சொன்னால் உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வசனம் என்ன? "எத்தனை தரம் சொன்னனான்" என்றால், அடுத்த தடவை அவர்கள் சொல்ல மாட்டார்கள்.

வீட்டுக்கு ஒரு இரகசியச் சொல் வைத்துக்கொள்ளச் சொல்கிறோம். காசு என்று யார் எழுதினாலும் அந்தச் சொல்லைக் கேட்க வேண்டும். ஒரு குடும்பம் ஊரில் நின்ற பசுவின் பெயரை வைத்திருக்கிறது. பேரப்பிள்ளைக்கு அதைச் சரியாக உச்சரிக்க வரவில்லை, அதுவே நல்ல பாதுகாப்பு என்கிறார் அம்மம்மா! சந்தேகமான எஸ்.எம்.எஸ். வந்தால் 7726க்கு அனுப்பலாம். கனடாவிலும் அமெரிக்காவிலும் அதே நம்பர்தான்.

பயம் மட்டும்தான் பாடம் என்று நினைக்க வேண்டாம். ஆண்ட்ரொய்ட் போனில் கூகிள் கீபோர்டில் தமிழைச் சேர்த்தால் விரலாலேயே எழுதலாம். அதே மாமி அன்று கண்ணாடியில் 'அ' என்று வளைத்து எழுத, மேலே அச்செழுத்தில் 'அ' வந்தது. "சிலேட்டு மாதிரியெல்லோ" என்று ஒரு பக்கம் முழுக்க எழுதினார். இப்போது மகனுக்குத் தமிழில்தான் மெசேஜ் போகிறது. அவருக்கு வாசிக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கிறதாம்.

அடுத்த கிழமை லேண்ட்லைன். பழைய செப்புக் கம்பி இணைப்புகளை 2027 ஜனவரி முடிவதற்குள் நிறுத்துகிறார்கள். அதன் பிறகு வீட்டுப் போன் இன்டர்நெட் வழியாகத்தான், பெரும்பாலும் ரௌட்டரில் செருகி. கரண்ட் போனால், பற்றரி இல்லாவிட்டால் போனும் போகும். கழுத்தில் அவசர அலாரம் போட்டிருப்பவர்கள் கம்பனிக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். உங்கள் பெற்றோர் இங்கே இருந்தால் இந்த ஒன்றையாவது விசாரித்து வையுங்கள். பாஸ்போர்ட் ஐயா தன்னுடைய ரௌட்டரைக் கழற்றிக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.