ராணிக் கப்பலும் ரஜூலாவும்

கப்பலுக்கும் எங்கள் எம்.ரெட்டியபட்டிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. கண்மாயில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றாலே, 'இந்த வருஷம் பரவாயில்லப்பா' என்று பேசிக்கொள்கிற ஊர். அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் முழுக்க இதே கதைதான். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் நோட்டுப் பேப்பரைக் கிழித்துச் செய்கிற காகிதக் கப்பல். அதை விடுவதற்கும் தெருவில் தண்ணீர் ஓட வேண்டுமே!

அப்பேர்ப்பட்ட ஊர்க்காரன் நான், துபாய்க்குப் போய் ஒரு கப்பலைக் காசு கொடுத்துப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். ஓடுகிற கப்பல் இல்லை, ரிடையரான கப்பல். 'குவீன் எலிசபெத் 2' என்று பெயர். ரஷீத் துறைமுகத்தில் கட்டிப் போட்டு, 2018 முதல் ஓட்டலாக நடத்துகிறார்கள். பழைய பெருமைகளைச் சொல்ல ஒரு கண்காட்சியும் உண்டு. தங்க வசதியில்லாதவர்கள் (அதாவது நான்) சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம்.

கூட வந்தவன் என் சித்தி மகன். அங்கே ஏ.சி. மெக்கானிக். பதினோரு வருஷ சர்வீஸ்.

"டெய்லி இந்தப் பக்கம்தான்ணே வேன்ல போறோம். ஆனா உள்ள போனதில்ல" என்றான்.

"ஏன்டா?"

"டிக்கெட்டை ரூபாயில பெருக்கிப் பார்த்தா கால் உள்ள போக மாட்டேங்குதுண்ணே."

பி.காம். படித்தவன் நான். என் கால் மட்டும் போகுமா? பெருக்காமல் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு டிக்கெட் எடுத்தேன்.

கப்பலின் நீளம் 963 அடி. எங்கள் தெருவைச் சுருட்டி உள்ளே வைத்தாலும் பாதி காலியாக இருக்கும். ஸ்காட்லாந்தில் கிளைட் நதிக்கரையில் கட்டியது. 1967 செப்டம்பரில் எலிசபெத் மகாராணி தண்ணீரில் இறக்கிவைத்தார். 1969ல் முதல் பயணம். இங்கிலாந்துக்கும் நியூயார்க்குக்கும் பணக்காரர்களை ஏற்றிக்கொண்டு போய் வந்தது. ஒரு காலன் எண்ணெய்க்குச் சுமார் 50 அடி போகுமாம். தன் நீளத்துக்குத் தானே நகரவே இருபது காலன் வேண்டும்! நம்ம ஊர் டி.வி.எஸ். 50 எவ்வளவோ தேவலை.

மலைக்க வைத்தது கணக்குதான். கட்டிய செலவு ஏறக்குறைய 2 கோடியே 90 லட்சம் பவுன். அன்றைய டாலரில் சுமார் 7 கோடி. 39 வருஷம் ஓட்டித் தள்ளிவிட்டு, துபாய்க்கு விற்ற விலை 10 கோடி டாலர்! 'எந்தச் சொத்தும் வருஷா வருஷம் தேயும்' என்று எனக்குத் தேய்மானம் நடத்திய சார் இதைக் கேட்டால் பாடத்தையே நிறுத்தியிருப்பார். (விலைவாசி ஏற்றத்தைச் சேர்த்தாயா என்று ஆடிட்டர் வாசகர்கள் கடிதம் போட வேண்டாம். சேர்க்கவில்லை.)

உள்ளே தியேட்டர், நடன ஹால், பார், கேப்டன் நிற்கும் மேடை... எல்லாம் பளபளவென்று இருக்கிறது. கப்பல் ஓடிய காலத்தில் பயணிகளோடு வரும் நாய்களுக்குக்கூடத் தனிக் கூடங்கள் இருந்தன. 1982ல் ஃபாக்லாந்து யுத்தத்துக்கு 3000 சிப்பாய்களை ஏற்றிப் போன பெருமையும் உண்டு.

ஒரு தங்கும் அறையை எட்டிப் பார்த்தோம். நான் மெத்தையைப் பார்த்தேன். தம்பி தரையைப் பார்த்தான். பிறகு சுவரை. உதடு மட்டும் அசைந்தது.

"என்னடா எண்ணுறே?"

"இந்த ஒரு ரூம்ல நாங்க எட்டுப் பேரு படுப்போம்ணே. கட்டிலுக்கு மேல கட்டில் போட்டா."

விளையாட்டாகத்தான் சொன்னான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாத்தா ஞாபகம் வந்துவிட்டது.

தாத்தா 1951ல் மழை பொய்த்த ஒரு வருஷம் பினாங்குக்குக் கப்பல் ஏறியவர். மளிகைக் கடை வேலை. அவர் போன கப்பலின் பெயர் ரஜூலா. ராமநாதபுரம், தஞ்சாவூர்ப் பக்கத்து வயசாளிகளிடம் இந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், கண் விரியும். அதுவும் அதே கிளைட் நதிக்கரையில், கிளாஸ்கோவில், 1926ல் பிறந்ததுதான். அதுவும் இரண்டாம் உலக யுத்தத்தில் சிப்பாய்களைச் சுமந்ததுதான். ஒரே ஆற்றங்கரைப் பிள்ளைகள். ஆனால் ஜாதகம் வேறு.

ரஜூலா சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று போய்வரும். ஆரம்பத்தில் 5000 டெக் பயணிகளுக்கு மேல் ஏற்ற அனுமதி இருந்தது. டெக் பயணி என்றால் அறை கிடையாது, கட்டில் கிடையாது. பலகையில் பாயை விரித்து, டிரங்குப் பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுக்க வேண்டியதுதான். "திரும்பிப் படுக்கணும்னா பக்கத்தில இருக்கவன் கிட்டச் சொல்லிட்டுத்தான்டா திரும்பணும்" என்பார் தாத்தா.

ஏறக்குறைய அரை நூற்றாண்டு நம் ஜனங்களைச் சுமந்த அந்தக் கப்பலை 1973ல் இந்தியக் கப்பல் கழகம் வாங்கி 'ரங்கத்' என்று பெயர் மாற்றியது. அடுத்த வருஷமே பம்பாயில் உடைத்து இரும்பாக்கிவிட்டார்கள். பிறகு அதே வழியில் ஓடிய 'சிதம்பரம்' கப்பலில் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அதுவும் உடைக்கத்தான் போனது.

தப்பு யார் மேலும் இல்லை. ஓட்டலாக்கினால் ரஜூலாவில் யார் வந்து தங்குவார்கள்? வாந்தி வாசனைக்கும் பலகைத் தரைக்கும் எவன் வாடகை கொடுப்பான்? சொகுசாக இருந்தது நிற்கிறது. சோறு போட்டது எடைக்குப் போய்விட்டது. வரவு செலவில் இது சரிதான். எனக்குத்தான் கணக்கு நேராகவில்லை. ராணிக் கப்பல் ஏற்றிப்போனது ஊர் பார்க்கப் போனவர்களை. ரஜூலா ஏற்றிப்போனது பிழைக்கப் போனவர்களை. எங்கள் கரிசல் காட்டில் மழை பொய்த்த வருஷங்களில் எத்தனை வீட்டு அடுப்பு அந்த மணியார்டரில் எரிந்திருக்கும்! இன்று தம்பி அனுப்பும் பணத்தில்தான் சித்தி வீட்டுக்கு மேல்தளம் போட்டிருக்கிறது. கப்பல் விமானமாகியிருக்கிறது. எட்டுப் பேர் கட்டில் மட்டும் மாறவில்லை.

ஊருக்கு வந்ததும் தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் தேடினேன். பரணில் இருந்தது. பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்டில் அவர் பெயரும் பினாங்கும் பாதி அழிந்திருந்தன. துடைத்து முன்னறையில் வைக்கிறேன் என்றேன் அப்பத்தாவிடம்.

"தாராளமா வையி. உள்ள மல்லி கிடக்கு. விலை ஏறட்டும்னு போட்டு வச்சிருக்கேன், சிந்தாம அள்ளு" என்றது. அப்பத்தா பி.காம். படிக்கவில்லை.

கப்பலைக் காப்பாற்ற நமக்கு வசதி இல்லை. கதையைக் காப்பாற்ற எண்பது பக்க நோட்டு ஒன்று போதும். வாங்கிவிட்டேன். 1957ல் கல்யாணமான மறு மாதமே தாத்தா மறுபடி கிளம்ப, வழியனுப்ப நாகப்பட்டினம் கடற்கரை வரை போனதாம் அப்பத்தா. கரையில் இருந்து படகில் போய்த்தான் கப்பல் ஏற வேண்டும். கட்டுச்சோற்றில் என்ன இருந்தது, யார் யார் வந்தார்கள், யார் அழுதார்கள், யார் அழுகிற மாதிரி நடித்தார்கள்... எல்லாம் வருகிறது.

மூன்று நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். தாத்தா இன்னும் படகில் ஏறவில்லை.