வண்டல் நாட்டில் ஒரு பொன்மலர்

தஞ்சையினின்று திருவையாறு செல்லும் சாலை வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி ஆகியவற்றைக் கடந்து காவிரிக்கரையை அடைகிறது. அங்கிருந்து மேற்கே, திருக்காட்டுப்பள்ளி வழியாகப் பூண்டி மாதா திருத்தலம் செல்வோர் தை மாதத்தில் இருபுறமும் காண்பது விளைந்த சம்பா வயல்களையே. அவ்வயல்களின் பொன்னிறத்திற்கு இணையாகப் பூக்கடைகளில் குவிந்திருப்பது சாமந்தி.

கோயிலுக்கும் தேவாலயத்திற்கும், மணவீட்டிற்கும் இழவு வீட்டிற்கும் செல்லும் இம்மலரை நம் மண்ணின் மலரென்றே எண்ணுகிறோம். ஆயின், இதன் பூர்வீகம் சீனம். இதற்கு உறவான மற்றொரு செடியோ மத்தியதரைக் கடற்கரையைத் தாயகமாகக் கொண்டது. கிரேக்கம், இத்தாலி, பாலஸ்தீனம் ஆகிய நாடுகளில் வசந்த காலத்தில் வயலோரமெங்கும் தானே பூப்பது. நடுவே மஞ்சள் வட்டு. சுற்றிலும் மஞ்சள் அல்லது வெண்ணிற இதழ்கள். இறகுபோல் பிளந்த இலைகள். 1753-இல் லின்னேயஸ் இதற்குக் 'கிறிசாந்திமம் கொரோனாரியம்' எனப் பெயரிட்டார். முதற்சொல் கிரேக்கத்தில் பொன்மலர் என்றும், அடுத்தது இலத்தீனில் மாலைக்குரியது என்றும் பொருள்படும். இன்று தாவர நூலார் இதனைக் 'கிளேபியோனிஸ்' என்னும் பேரினத்தில் சேர்ப்பர். சீனரும் ஜப்பானியரும் இதன் இளந்தளிரைக் கீரையாக உண்கின்றனர்.

நம் நாட்டுத் தோட்டங்களில் இது குளிர்காலப் பூ. டெல்டாக் களிமண்ணில் தேங்கும் நீர் நெல்லுக்கு வாழ்வு, இச்செடிக்கோ வேரழுகல். ஆதலால் அடைமழை ஓய்ந்தபின், மணலும் மட்கிய எருவும் கலந்த மேட்டுப்பாத்தியில், வெயில் படும் இடத்தில் விதைத்தல் நலம். மண்ணைச் சற்றே பக்குவப்படுத்தினால் போதும். அயல்நாட்டுச் செடி நம் முற்றத்தில் பூக்கும்.

பூண்டியின் பழைய ஆலயத்தை எழுப்பியவர் வீரமாமுனிவர் என்பது மரபு. 1680-இல் இத்தாலியில் பிறந்த அவரும் அக்கடற்பகுதியிலிருந்து வந்தவரே. அவர் 1726-இல் நிறைவு செய்த காப்பியம் தேம்பாவணி. வாடாத மாலை என்பது அப்பெயருக்குக் கூறப்படும் பொருள்களுள் ஒன்று. அவரை அயலாரென்று தமிழ் தள்ளவில்லை.

இன்று நம் வயல்களில் நாற்று நடுவோருள் மேற்கு வங்காளத்தினின்றும் பீகாரினின்றும் வந்த தொழிலாளரும் உளர். அவர்கள் நட்ட நெல்லே நம் வீட்டுப் பொங்கலாகிறது. எனினும், அவர்களை 'வடக்கத்தியான்' என ஒதுக்கிப் பேசும் வழக்கம் ஊர்களில் உண்டு. அயல்நாட்டு மலருக்குப் பீடத்தில் இடம் தரும் நாம், அயலூர்த் தொழிலாளிக்குத் திண்ணையில் இடமும் ஒரு செம்பு நீரும் தர ஏன் தயங்குகிறோம்? அறுவடை முடியுமுன் அவர் பெயரையேனும் கேட்டறிவோம்.