வெள்ளோட்டம் பார்ப்பவன்

புதிதாய்ச் செய்த யந்திரத்தைப் பிறர் கையில் கொடுத்து, அவர் இஷ்டப்படி ஓட்டிப் பார்க்கச் செய்து, அதன் குணதோஷங்களை அறிந்துகொள்ளும் வழக்கம் கோயம்புத்தூருக்கு அன்னியமானதன்று. ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937-இல் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்துகாட்டிய காலந்தொட்டு, இவ்வூர்ப் பட்டறைகளில் உருவான மோட்டார்களும் பம்புகளும், எவ்வளவு உயரத்துக்கு எவ்வளவு தண்ணீர் ஏற்றுகின்றன, எத்தனை ஆம்பியர் இழுக்கின்றன என்று சோதனைத் தொட்டியில் அளந்து குறிக்கப்பெற்ற பின்னரும், ஏதேனும் ஒரு தோட்டத்துக் கிணற்றில் இறங்கி உழைத்துக் காட்டியே ஊராரின் நம்பிக்கையைச் சம்பாதித்திருக்கின்றன. தொட்டியில் தெரியாத குறை கிணற்றில் தெரியும். அங்கேதான் மணல் கலந்த தண்ணீரும், மாலை வேளையில் தாழ்ந்துபோகும் மின்னழுத்தமும், ராத்திரியில் தூக்கக் கலக்கத்தோடு ஸ்டார்ட்டர் பெட்டியைத் தட்டும் மனிதனும் இருக்கிறார்கள்.

நான் சில காலமாக வெள்ளோட்டம் பார்த்துவரும் பொருளோ இரும்பாலானதன்று. வீட்டின் விளக்கு, விசிறி முதலியவற்றை ஓர் ஆணைக்குக் கட்டுப்படுத்தும் மென்பொருளோடு கம்பியில்லா ஸ்பீக்கர்களை இணைத்துவைக்கும் செருகுநிரல் அது. விண்டோஸ், மாக், லினக்ஸ் ஆகிய மூன்று தளங்களிலும் அது ஒன்றுபோல இயங்கவேண்டும் என்பது அதனை எழுதியவரின் சங்கற்பம். அவர் கடல் கடந்த தேசத்தில் ஓய்வு வேளையில், ஊதியம் கருதாமல் எழுதுகிறவர். இத்துறையில் அத்தகையோர் அபூர்வமல்லர். பௌலஸ் ஸ்கவுட்சன் என்ற டச்சுக்காரர் 2013-இல் தொடங்கிய, வீட்டுச் சாதனங்களைக் கட்டுப்படுத்தும் மென்பொருளாகிய ‘ஹோம் அசிஸ்டன்ட்’ இன்று உலகெங்கும் தொண்டர்களின் உழைப்பால் வளர்ந்து நிற்கிறது. ‘ஸ்க்வீஸ்பாக்ஸ்’ என்ற இசைக் கருவிகளை ஆக்கிய சிறு ஸ்தாபனத்தை லாஜிடெக் 2006-இல் வாங்கி, 2012-இல் அவ்வரிசையையே நிறுத்திவிட்டபோதிலும், அவற்றுக்குப் பாட்டு வழங்கும் மென்பொருள் எல்லோருக்கும் திறந்துவைக்கப்பட்டிருந்தமையால், அன்பர்கள் அதனைக் கைவிடாது பேணி, ‘லிரியன்’ என்று புதுப்பெயரும் சூட்டி நடத்திவருகின்றனர். விற்பனை நின்றுபோன யந்திரத்துக்கும் உதிரிபாகம் கடைந்து தரும் லேத் பட்டறைகள் தெருவுக்குத் தெரு உள்ள ஊரில் வசிக்கும் எனக்கு, இது மிகுந்த மரியாதைக்குரிய காரியமாகத் தோன்றுகிறது.

இச்செருகுநிரலில் முதலில் கவனிக்கவேண்டிய குறையைப் பார்ப்போம். கூடத்தில் ஒன்றும் முன்வாசலில் ஒன்றுமாக இரண்டு ஸ்பீக்கர்கள் ஒரே நாதஸ்வரக் கச்சேரியை ஒலிக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்குள்ளும் காலத்தை அளக்கும் படிகங்கள் தனித்தனியானவை. அவை ஒன்றுக்கொன்று பத்து லட்சத்தில் 20 பங்கு வேறுபட்டாலும், சரிசெய்வார் இல்லையேல், ஒரு மணி நேரத்தில் ஒரு ஸ்பீக்கர் மற்றொன்றைவிட 72 மில்லிசெகண்ட் பிந்திவிடும். ஏறக்குறைய 40 மில்லிசெகண்டுக்கு மேல் பிந்திய ஒலியைக் காது தனி ஒலியாகவே பிரித்துணரத் தொடங்குவதால், தவிலின் ஒவ்வொரு சொல்லும் இரட்டித்து விழுந்து, கச்சேரி முழுவதும் கலைந்துபோகும். ஐந்து நிமிஷம் கேட்டுவிட்டு ‘நன்றாயிருக்கிறது’ என்று எழுதி அனுப்புகிறவனுக்கு இக்குறை ஒருநாளும் அகப்படாது. ராகம் தொடங்கி மங்களம் வரையில் இரு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே உட்கார்ந்து கேட்கும் பொறுமை வேண்டும். நல்ல வேளையாக, நாதஸ்வரத்தின் முன் அப்படி உட்காருவது சிரமமான காரியமன்று.

மற்றொரு குறை நம் எழுத்திலேயே ஒளிந்திருந்தது. என் சேகரத்தில் ‘கொங்கு வள்ளி கும்மி’ என்று பெயரிட்ட தொகுப்பு ஒன்று உண்டு. பழைய மாக் கணினியிலிருந்து அதனை லினக்ஸ் கணினிக்கு மாற்றிய பின், அதே பெயரைத் தட்டச்சிட்டுத் தேடினால், அப்படியொன்று இல்லவே இல்லை என்று செருகுநிரல் சாதித்தது. கண்ணெதிரே பட்டியலில் அது இருந்துகொண்டிருந்தது. காரணம் இதுதான். ‘கொ’ என்னும் எழுத்தைக் கணினியில் ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு எண்களால் குறிக்கலாம். ககரம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என மூன்று எண்களாலும் குறிக்கலாம். யூனிகோட் விதி இரண்டையும் சமமென்றே கொள்கிறது. ஆயினும் மாக்கின் பழைய கோப்பு முறை பெயர்களைப் பிரித்து மூன்றாகவே வைக்கும். லினக்ஸ் கொடுத்ததைக் கொடுத்தபடி வைக்கும். நம் விசைப்பலகை பெரும்பாலும் இரண்டாகச் சேர்த்தே எழுதும். திரையில் இரண்டு வடிவங்களும் ஒன்றுபோலத் தெரிந்தாலும், எண்களை ஒப்பிடும் நிரலுக்கு அவை வெவ்வேறு பெயர்கள். ஒப்பிடுமுன் இரு பெயர்களையும் ஒரே வடிவுக்குக் கொணர்ந்துவிட்டால் தீர்ந்தது. திருத்தம் ஒரு வரிதான். ஆனால் ‘கொங்கு’ என்று பெயரிட்ட பாட்டு எவர் வீட்டில் இருக்கிறதோ, அவர் எழுதினாலன்றி அந்த ஒரு வரி எழுதப்பெறாது.

மூன்றாவது குறையே கடுமையானது. இங்கே மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளைப் பத்திரிகைகளில் முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார்கள். வெள்ளோட்டம் பார்ப்பவனுக்கு அதைவிட உகந்த சந்தர்ப்பம் வேறில்லை. மின்சாரம் திரும்பியவுடன் வீட்டிலுள்ள சாதனங்கள் அனைத்தும் ஒருசேர விழிக்கின்றன. ஸ்பீக்கர் சில நொடிகளில் ஆயத்தமாகிவிடுகிறது. ரவுட்டருக்கோ அதைவிட அதிக நேரம் வேண்டியிருக்கிறது. செருகுநிரல் ஒரே ஒரு முறை அழைத்துப் பார்த்து, பதில் வராத ஸ்பீக்கரை இல்லாததாகவே தீர்மானித்துவிட்டது. அதனினும் விபரீதமாக, மழை பெய்த ஓர் இரவில் நெடுநேரம் நின்றிருந்த மின்சாரம் நடுநிசியில் வந்தபோது, மாலையில் பாதியில் நின்ற பாட்டை, மாலையில் இருந்த அதே உரத்த குரலில், கூடத்து ஸ்பீக்கர் தொடர்ந்து ஒலிக்கத் தொடங்கியது. வயதான என் தாயார் பதறி எழுந்து, விடியும்வரை உறங்கவில்லை. சோதனைக்குச் சம்மதித்தவன் நான்; அவரல்லர். பிறரும் வசிக்கும் வீட்டில் பரீட்சை நடத்துகிறவன், முதலில் அவர்களிடம் சொல்லி அனுமதி பெறவேண்டும் என்பதை நான் மிகவும் வற்புறுத்திச் சொல்வேன்.

இக்குறைக்குப் பரிகாரம் அன்னூருக்கு அருகே உறவினர் ஒருவரின் தோட்டத்துச் சாளையில் கிடைத்தது. மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் பூட்டிக்கொண்டிருந்த எலெக்ட்ரீசியன், நான் கேட்டதற்கு இப்படிச் சொன்னார்: “கரண்டு வந்த கையோட மோட்டார எடுத்தா ஆகாதுங்க. அதுக்குத்தானுங்க டைமர் வெச்சிருக்கறம். வோல்டேஜ் நின்னு, மூணு பேஸும் ஒழுங்கா வந்ததுக்கப்பறம் தானா எடுத்துக்குமுங்க.” மின்சாரத்தின் வரவை நம்புமுன் சற்றே நிதானிக்கவேண்டும் என்ற விவேகம், அந்தச் சிறு பெட்டிக்குள் வெகு காலமாகவே இருந்துவருகிறது. அதனையே செருகுநிரலின் ஆசிரியருக்கு விளக்கி எழுதினேன். மின்சாரம் தடையின்றி வரும் நாட்டில் வசிக்கும் அவர், இப்படியொரு நிலைமையைத் தாம் எண்ணிப் பார்த்ததில்லை என்று பதிலெழுதி, அடுத்த பதிப்பில் மூன்று மாற்றங்கள் செய்தார்: தொடங்குமுன் காத்திருக்கும் அவகாசம், பதில் வரும்வரை விட்டுவிட்டு அழைத்தல், மின்தடைக்குப் பின் எவரேனும் பணித்தாலன்றிப் பாடாதிருத்தல்.

குறையைக் கண்டவன் அதனை ஒழுங்காக எழுதுவதிலும் சிரத்தை வேண்டும். எந்தப் பதிப்பு, எந்தத் தளம், என்ன செய்தோம், என்ன நடக்குமென்று எதிர்பார்த்தோம், என்ன நடந்தது, மறுபடி செய்தால் மறுபடி நடக்கிறதா என்பவற்றை, மென்பொருள் தானே எழுதிவைக்கும் பதிவேட்டோடு சேர்த்து அனுப்பினால், ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருப்பவர் தம் மேசையில் அக்குறையை மறுபடி வரவழைத்துப் பார்க்க முடியும். ‘வேலை செய்யவில்லை’ என்ற ஒற்றை வாக்கியத்தைப் பெற்றவர் அதனை வைத்துக்கொண்டு என்ன செய்வார்?

பீளமேட்டிலும் சரவணம்பட்டியிலும் பகலெல்லாம் நிறுவனங்களுக்காக மென்பொருள் சோதிக்கும் இளைஞர்கள் பலர் உள்ளனர். நான் இங்கு கூறிய முறைகளை என்னினும் நன்றாக அறிந்தவர்கள் அவர்கள். அவர்களிடம் நான் வேண்டிக்கொள்வது ஒன்றுதான். தொண்டர்கள் எழுதித் தரும் இத்தகைய மென்பொருள் ஒன்றை உங்கள் வீட்டிலும் ஏற்றுங்கள். தமிழ்ப் பெயருள்ள பாட்டுக்களை அதில் நிரப்புங்கள். அடுத்த முறை பத்திரிகையில் மின்நிறுத்த அறிவிப்பைக் கண்டால், வீட்டாரிடம் சொல்லிவிட்டு, மின்சாரம் திரும்பும் வேளையில் அருகிலிருந்து பார்த்து, கண்டதைக் கண்டபடி எழுதி அனுப்புங்கள்.