அலமாரிக்குள் ஒரு ராணி

மழை விட்ட மறுநாள், சிறகை உதிர்த்துவிட்டு மாடிப்படியில் அலைந்த கட்டெறும்பு ராணியைப் பிடித்து வந்தான் ஒன்பதாவது படிக்கும் என் மகன். டெஸ்ட் டியூபின் அடியில் தண்ணீர், அதை அடைத்து ஈரப்பஞ்சு, அப்புறம் ராணி, வாயில் இன்னொரு பஞ்சு. வீடு தயார். இருட்டு அலமாரியில் வைத்தோம்.

“சாப்பாடு?” என்றார் மாமியார்.

“வேண்டாம் பாட்டி. இனிமே பறக்க வேண்டாமே! சிறகுத் தசையெல்லாம் உள்ளுக்குள்ளயே கரைஞ்சு சத்தாயிடும். அதுலதான் முதல் குஞ்சுங்களை வளர்க்கும்.”

அன்றிலிருந்து மாமியார் அலமாரிக் கதவைச் சத்தமாக மூட எங்களை விடவில்லை. வெளிச்சமும் அதிர்ச்சியும் அதிகமானால் ராணி தன் முட்டைகளையே தின்றுவிடுமாம். வாரம் ஒரு தடவைதான் பார்த்தோம். முட்டை, புழு, கூடு என்று மாறி, ஆறாவது வாரம் இரண்டு பொடி வேலைக்காரிகள்! பஞ்சை விலக்கிச் சர்க்கரைத் தண்ணீர் ஒரு சொட்டு வைத்தவர் மாமியார்தான்.

ஐரோப்பாவின் கறுப்புத் தோட்ட எறும்பு ராணி ஒன்று, வளர்ப்பில் 28 வருஷத்துக்கு மேல் வாழ்ந்திருக்கிறது. நம்முடையதும் அப்படி இருந்துவிட்டால்? இவன் காலேஜுக்குப் போனபின் யார் பார்ப்பது?

74 வயது மாமியார் விரல்விட்டு எண்ணினார். “இவனுக்கு எறும்புக்குப் பயப்படாத பொண்ணா பாருங்க.”