அம்மன் எங்கள் வீட்டில் இருந்த காலம்

1978ஆம் ஆண்டு தைப்பூசம் முடிந்த சில வாரங்களில் எங்கள் கோயில் அம்மன் எங்கள் வீட்டுக்குக் குடிவந்தாள். கருவறையில் இருந்த கல் அம்மன் அல்ல. திருவிழாவில் ரதம் ஏறும் உற்சவர். பஞ்சலோகத்தில் ஒரு முழ உயரம். அப்பா கோயிலுக்குப் பொருளாளர். செயலவைக் கூட்டம் முடிந்த இரவு, அவரும் செயலாளர் மாமாவும் மஞ்சள் துணியில் சுற்றிய அம்மனை, தூங்கும் பிள்ளையைத் தூக்கி வருவதுபோல மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார்கள். அம்மா வாசலில் மஞ்சள் நீர் தெளித்துக் காத்திருந்தார். முன்கூடத்தில் இருந்த கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி படுக்கையறைக்குப் போனது. அந்த மேசையில் அம்மன் அமர்ந்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் மீன் இல்லை, கோழி இல்லை, முட்டைகூட இல்லை. தம்பி நெத்திலிச் சம்பல் கேட்டு அழுவான். சித்தி மாதத்தில் சில நாள்கள் பெரியம்மா வீட்டில் போய்ப் படுத்துக்கொள்வார். எதற்கு என்று கேட்டால் பெரியவர்கள் பேச்சை மாற்றுவார்கள். எனக்கு ஒன்றுதான் கேள்வி. கோயில் இருக்கும்போது சாமி ஏன் நம் வீட்டில் தூங்குகிறது? பாட்டியிடம் கேட்டேன். "ஆத்தாவுக்கு நம்ம வீட்டப் பாக்கணும்னு ஆசை, வந்திருக்கா" என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

உண்மையை எனக்குச் சொன்னது பள்ளிக்கூடம். வகுப்பில் ஒரு பையனின் மாமா வீடு ஒரு தோட்டத்தில் இருந்தது. அங்கே ராத்திரியில் யாரோ வந்து முருகன் சிலையின் தலையை உடைத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்றான். வேறொரு கோயிலில் மயிலை உடைத்தார்களாம். இன்னொன்றில் முனியாண்டியின் கையை. யார் செய்தது என்று கேட்டோம். அவன் பதில் சொல்வதற்குள் ஆசிரியர் வந்துவிட்டார். "இந்தப் பேச்செல்லாம் இங்க வேணாம்" என்றார். கோபமில்லாத குரல். பயந்த குரல். பெரியவர்களும் பயப்படுவார்கள் என்று நான் முதன்முதலாகத் தெரிந்துகொண்டது அன்றுதான்.

1977ஆம் ஆண்டின் கடைசியிலிருந்து 1978 ஆகஸ்ட் வரை, தீபகற்ப மலேசியாவில் இருபதுக்கும் மேற்பட்ட இந்துக் கோயில்களில் சிலைகள் உடைக்கப்பட்டன என்பதைப் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். திருட்டு நோக்கம் இல்லை. நகையும் உண்டியலும் உடைத்தவர்களுக்குப் பொருட்டல்ல. சிலை இருப்பதே பாவம், உடைப்பதே புண்ணியம் என்று நம்பிய ஒரு சிறு தீவிரக் கூட்டம் செய்த வேலை அது. எழுபதுகளில் நாடு முழுவதும் இஸ்லாமியச் சமய எழுச்சி பரவியது. அதில் ஈடுபட்ட பெரும்பாலோர் தொழுகையும் படிப்புமாகத் தங்கள் வழியில் போனவர்கள். அதன் ஓரத்தில் கிளைத்த ஒரு சிலர், சுத்தியலோடு இரவில் கிளம்பினார்கள்.

நாங்கள் குடியிருந்த அப்போதைய அம்பாங்கைச் சொல்ல வேண்டும். 1857இல் ஈயம் தேடி 87 சீனத் தொழிலாளர்கள் கிள்ளான் ஆற்றில் ஏறிவந்து, கோலாலம்பூர் முனையில் இறங்கி, காடு வெட்டி நடந்து சேர்ந்த இடம் எங்கள் அம்பாங். ஒரு மாதத்துக்குள் காய்ச்சலில் 18 பேரைத் தவிர எல்லோரும் மாண்டார்கள் என்று வரலாறு சொல்கிறது. நாங்கள் வளர்ந்த காலத்தில் ஈயலம்பங்கள் கைவிடப்பட்டுக் குளங்களாகக் கிடந்தன. அவற்றைச் சுற்றிப் பலகை வீடுகள், தகரக் கூரைகள். சீனர்களின் ஒன்பது பேரரசர் கோயில் விழா வந்தால் ஒன்பது நாளும் ஊரே சைவச் சாப்பாட்டு மணத்தில் இருக்கும். நம் பெண்கள் பலரும் அங்கே போய் ஊதுவத்தி ஏற்றுவார்கள். கோயிலுக்குக் காவல் வேண்டும் என்ற எண்ணமே அந்த ஊருக்குப் புதிது.

காவல் வந்தது. அதை எல்லோரும் ஜாகா என்றார்கள். முறை வைத்து, ராத்திரி பத்து மணிக்கு ஆறேழு ஆண்கள் கோயிலுக்குப் போவார்கள். பொதுப்பணி இலாகாவில் தார் போடும் வேலை அப்பாவுக்கு. பகலெல்லாம் வெயிலில் நின்றவர், முறை வரும் நாளில் குளித்து, திருநீறு பூசி, டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அம்மா பெரிய தூக்குச்சட்டியில் கோப்பி-ஓ ஊற்றிக் கொடுப்பார். சில நாள் நானும் தம்பியும் அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவோம். மண்டபத்தில் கேரம் பலகை, பாய்கள், ஒரு மூலையில் சாய்த்து வைத்த தடிகள். ஒன்றிரண்டு பாராங் கத்திகளும் இருந்தன. முனீஸ்வரர் மேடைப் பக்கம் ஒருவர் உட்கார்ந்து சடக்கைப் பார்த்துக்கொண்டே இருப்பார். தெரியாத கார் வந்தால் எண்ணை எழுதிவைக்க ஒரு பள்ளி நோட்டுப் புத்தகம். அது என்னுடைய பழைய கணக்கு நோட்டு.

ஆடித் திருவிழாவும் அப்படித்தான் நடந்தது. பகலில் அம்மன் கோயிலுக்குப் போவாள். ரதம் சுற்றி முடிந்ததும் மறுபடி எங்கள் வீடு. ராத்திரியில் தண்ணீர் குடிக்க எழுந்து முன்கூடத்தைக் கடந்தால், சின்ன விளக்கு வெளிச்சத்தில் அவள் முகம் தெரியும். வேறு எந்தக் காலத்திலும் எனக்கு அது ஆறுதலாக இருந்திருக்கும். அந்த ஆண்டு நான் வாசல் தாழ்ப்பாளைத்தான் பார்த்தேன். கோயிலில் அம்மன் இல்லை என்று தெரிந்தால் அவர்கள் இங்கே வருவார்களா? கேட்க வாய் வரவில்லை. பத்து வயதுப் பிள்ளை தன் சாமியை நினைத்துப் பயப்படுவது ஒரு பெரிய கொடுமை. சாமிதானே நம்மைக் காக்க வேண்டும்? காக்க வேண்டியவளை நாங்கள் ஒளித்து வைத்திருந்தோம்.

பக்கத்து வீடு ஒரு மலாய்க் குடும்பம். பாக்சிக் என்று நாங்கள் அழைத்த அந்த வீட்டுக்காரர் தபால் இலாகாவில் வேலை பார்த்தவர். ஆகஸ்ட் முதல் வாரத்தில் நோன்பு தொடங்கியது. அதிகாலை நாலு மணிக்குச் சஹூர் சாப்பிட அவர்கள் வீட்டு விளக்கு எரியும்; அதே நேரம் அப்பா ஜாகா முடிந்து திரும்புவார். வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு பேரும் நின்று இரண்டு வார்த்தை பேசுவது படுக்கையில் கேட்கும். மழை, வேலை, பிள்ளைகளின் படிப்பு. எங்கே போய் வருகிறார் என்று பாக்சிக் ஒருநாளும் கேட்டதில்லை. அவருக்குத் தெரியும்.

ஆகஸ்ட் 19, சனிக்கிழமை. சிலாங்கூரின் வடக்கே, கோலகுபு பாருவைத் தாண்டி இருக்கும் சின்ன ஊர் கெர்லிங். அங்குள்ள சுப்பிரமணியர் கோயிலுக்குள் இருட்டோடு ஐந்து பேர் புகுந்து சிலைகளை உடைத்தார்கள். அங்கேயும் ஜாகா இருந்தது. மோதலில் வந்தவர்களில் நான்கு பேர் இறந்தார்கள், ஒருவர் பிழைத்தார். காவல் இருந்தவர்கள் மீது வழக்கு நடந்தது. சிறைத் தண்டனை அனுபவித்தவர்களும் உண்டு.

செய்தி எங்கள் ஊருக்குப் பத்திரிகைக்கு முன்பே ஒட்டுக்கடை வழியாக வந்துவிட்டது. அம்மா உடனே அரிசியும் சார்டின் டின்னும் வாங்கிவரச் சொன்னார். 1969 மே 13 இனக் கலவரம் நடந்து ஒன்பது ஆண்டுதான் ஆகியிருந்தது. அரசாங்கக் கணக்கிலேயே 196 பேர் இறந்த கலவரம் அது. ஊரடங்கில் கைக்குழந்தையான என்னை வைத்துக்கொண்டு கஞ்சித் தண்ணீரில் நாள் கடத்தியதை அவர் மறக்கவே இல்லை. தெருவில் விளையாட விடவில்லை. பள்ளிக்கு அப்பாவே சைக்கிளில் கொண்டுபோய் விட்டார்.

செய்தி வந்த அன்று மாலையே கோயில் மண்டபத்தில் கூட்டம். நானும் போயிருந்தேன். இளைஞர்களில் இரண்டு மூன்று பேர் உரக்கப் பேசினார்கள். "இனிமே எவன் வருவான் பாத்துருவோம்" என்று ஒருவர் சிரித்தார். அப்பா அதிகம் பேசாத மனிதர். அன்று எழுந்து நின்றார். "நாலு உசுரு போயிருக்கு. சிரிக்கிற விசயமா இது? நாம இங்க உக்காந்திருக்கிறது ஆத்தாவக் காக்கத்தான், யாரையும் கொல்ல இல்ல. அந்தக் கத்திய எடுங்க. விசிலும் டார்ச்சும் போதும், போலீஸ் ஸ்டேசனுக்கு ஓட ஒரு சைக்கிள் போதும்" என்றார். முணுமுணுப்பு எழுந்தது. தலைவர் அப்பா பக்கம் நின்றார். கத்திகள் அன்றே மண்டபத்தை விட்டுப் போயின. ஜாகா தொடர்ந்தது.

அப்பா சொன்னது சரி என்று இன்றும் நினைக்கிறேன். கூடவே இதையும் சொல்ல வேண்டும். கெர்லிங்கில் காவல் இருந்தவர்களை அந்த இரவுக்குத் தள்ளியது, அதற்கு முன் மாதக்கணக்காக ஒவ்வொரு கோயிலாக உடைந்தபோது யாரும் தடுக்காத நிலைமைதான். ஏழைத் தொழிலாளிகள் தங்கள் தூக்கத்தைக் கொடுத்துக் காத்தார்கள். காக்க வேண்டிய பொறுப்பு அவர்களுடையது அல்ல.

வேலியோரப் பேச்சு நின்றுபோனது. அதிகாலையில் இரண்டு பேரும் தலையை அசைத்துவிட்டுப் போய்விடுவார்கள். மெர்டேக்கா நாளும் சத்தமில்லாமல் கழிந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் ஹரி ராயா. வழக்கமாகக் காலையிலேயே பக்கத்து வீட்டுத் தட்டு வந்துவிடும். அன்று மதியம் வரை வரவில்லை. அம்மா அடுப்படியில் இருந்தபடியே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாக்சிக்கின் மனைவி மக்சிக் வந்தார், தனியாக, புதுச் சட்டையில். கூடத்தில் அம்மன் இருப்பதை வாசலிலிருந்தே பார்த்துச் செருப்பைக் கழற்றி, படியிலேயே நின்றார். தட்டைத் திறந்து காட்டி, "டாகிங் தாடா, ஆயாம் தாடா" என்றார். இறைச்சியும் இல்லை, கோழியும் இல்லை. கெத்துப்பாட்டும் கடலைக் குழம்பும் மட்டும். நாங்கள் சைவம் இருந்ததை அவர் எப்போதோ கவனித்திருக்கிறார். அம்மா தட்டை வாங்கிக்கொண்டார். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. தீபாவளிக்கு அம்மாவின் முறுக்கு அதே தட்டில் திரும்பிப் போனது. அதன்பின் ஒரு நல்ல நாள் பார்த்து அம்மனும் கோயிலுக்குத் திரும்பினாள்.

இதை எங்கள் வீட்டில் யாரும் மறுபடி பேசியதில்லை. பிள்ளைகளின் மனத்தில் வெறுப்பு வரக்கூடாது என்று பெரியவர்கள் நினைத்தார்கள். அந்த நல்லெண்ணத்தை மதிக்கிறேன். ஆனால் பேசாததால் வெறுப்பு நாட்டைவிட்டுப் போய்விடவில்லை. 2009 ஆகஸ்ட் 28 அன்று, ஷா ஆலமில் நூறாண்டு கடந்த ஒரு மாரியம்மன் கோயில் 23ஆம் செக்‌ஷனுக்கு வரக்கூடாது என்று, வெள்ளிக்கிழமைத் தொழுகை முடித்த ஒரு கூட்டம் வெட்டிய மாட்டுத் தலையைச் சுமந்துகொண்டு மாநிலச் செயலகம் வரை நடந்தது. அதன்மேல் காறித் துப்பி மிதித்தவர்கள் உண்டு. 12 பேர் மீது வழக்கு நடந்தது. ஆளுக்கு 1,000 ரிங்கிட் அபராதம். ஒருவருக்கு மட்டும் ஒரு வாரச் சிறை. படத்தைப் பத்திரிகையில் பார்த்தபோது எனக்கு எங்கள் வீட்டு வாசல் தாழ்ப்பாள் நினைவுக்கு வந்தது.

2025 மார்ச்சில் ஒரு மலாய் வானொலி நிலையத்தின் அறிவிப்பாளர்கள் வேல் வேல் என்று கத்திக் காவடியாட்டத்தைக் கேலி செய்த காணொளி வெளியானது. மன்னிப்பும் கேட்டார்கள், நிலையத்துக்கு அபராதமும் விழுந்தது. அதே மாதத்தில் கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா பகுதியில் இருந்த தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் ஆலயம் பள்ளிவாசலுக்காக இடம் மாற வேண்டும் என்ற சிக்கல் எழுந்தது. நிலம் 2014இலேயே தனியாருக்கு விற்கப்பட்டுவிட்டதால் வந்த சிக்கல் அது, பேசித் தீர்க்கக்கூடியது, ஆலயமும் அருகில் வேறு இடத்துக்குப் போக இணங்கியது. ஆனால் அந்த நாள்களில் நம் தெய்வங்களைப் பற்றியும் வழிபாட்டைப் பற்றியும் எழுதப்பட்ட வசைகளுக்கும் நிலத்துக்கும் என்ன சம்பந்தம்? கைத்தொலைபேசியில் அவற்றைப் படித்த பிள்ளைகளுக்கு என் அன்றைய வயதுதான் இருக்கும்.

கூட்டரசு அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு ஒவ்வொருவருக்கும் தம் சமயத்தைப் பின்பற்றும் உரிமையைத் தருகிறது. குற்றவியல் சட்டத்தின் 295 முதல் 298 வரையான பிரிவுகள் வழிபாட்டிடத்தைச் சேதப்படுத்துவதையும் சமய உணர்வைப் புண்படுத்துவதையும் குற்றம் என்கின்றன. எந்தச் சமயத்துக்கு என்று அவை பிரிக்கவில்லை. செயல்படுத்துவோரும் பிரிக்கக்கூடாது.

1978இல் தங்கள் கோயிலுக்கு ஜாகா இருந்தவர்கள் அம்பாங்கில், கிள்ளானில், தோட்டங்கள் இருந்த ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். எழுபதும் எண்பதும் கடந்தவர்கள். பிள்ளைகளே, பேரப்பிள்ளைகளே, அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்தக் கோயில், எந்த மாதம், எது உடைந்தது, யார் துணை நின்றார்கள் என்று எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டிலிருந்து தட்டு வந்திருந்தால் அதையும் எழுதுங்கள்.