தோவாளைப் பூக்கடை

கன்னியாகுமரிக்கு யாத்திரை போகிறவர்களில் பெரும்பாலோர் தோவாளையைத் தூக்கத்திலேயே கடந்து விடுகிறார்கள். திருநெல்வேலியிலிருந்து வரும் இரவு பஸ் முப்பந்தலின் காற்றாலைகளையும் ஆரல்வாய்மொழிக் கணவாயையும் தாண்டி அவ்வூரை அணுகும்போது பொழுது விடிந்திராது. நாமும் பலமுறை அவ்விதமே கடந்தவர்கள்தாம். இம்முறை விழித்திருந்து இறங்கி விடுவதென்று தீர்மானம் செய்துகொண்டோம்.

இறங்கியவுடன் முதலில் நம்மை எதிர்கொண்டது மணம்; அப்புறம் விளக்கொளி; அதற்கும் அப்புறந்தான் சந்தையின் இரைச்சல். பிச்சி, மல்லிகை, அரளி, சம்பங்கி, கேந்தி, வாடாமல்லி, கொழுந்து, துளசி என்று சாக்குச் சாக்காகக் கொட்டிக் கிடந்தன. பிச்சியும் அரளியும் சுற்று வட்டாரத்துச் சரக்கு. ரோஜா ஓசூர்ப் பக்கத்திலிருந்து வருகிறது. மதுரை, திண்டுக்கல் பக்கங்களிலிருந்தும் பூ வந்து சேர்கிறது. வாங்குகிறவர்களில் பாதிப் பேர் மலையாளத்தில் விலை கேட்டார்கள்.

இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. 1956 நவம்பர் முதல் தேதி சென்னை ராஜ்யத்தோடு இணையும் வரையில், தோவாளைத் தாலுகா மேற்கேயுள்ள சீமையைச் சேர்ந்ததாகவே இருந்தது. தேச விடுதலைக்காகச் சிறை சென்ற ப. ஜீவானந்தம் 1907-ல் பிறந்த பூதப்பாண்டியும் இத்தாலுகாவில்தான் இருக்கிறது. எல்லைக் கோடு மாறிற்று. பூ போகும் பாதை மாறவில்லை. ஓணம் வந்தால் கேரளத்து வீட்டு முற்றங்களில் இடும் அத்தப்பூக் கோலத்துக்குத் தோவாளையிலிருந்து லாரி லாரியாகப் பூ போகிறது.

சந்தையை அடுத்த ஒரு சிறு கடையில், அறுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் மாலை கட்டிக்கொண்டிருந்தார். நம்மைப் பார்த்தவுடன், "வாங்க ஸார்வாள், இருங்க" என்று ஒரு முக்காலியைத் தள்ளினார். உபாத்தியாயர் என்பதை எப்படிக் கண்டுகொண்டாரோ, தெரியவில்லை.

அவர் கையில் உருவாகிக்கொண்டிருந்தது மாணிக்க மாலை. வெள்ளரளி, சிவப்பரளி, நொச்சி இலை ஆகியவற்றை மடித்து மடித்து, பாய் முடைவதுபோல் தட்டையாகத் தொடுப்பது அது. தூரத்திலிருந்து பார்த்தால் மணிகள் பதித்த பட்டை மாதிரி தோன்றும். திருவிதாங்கூர் மன்னர் ஒருவர் பார்த்து வியந்து இட்ட பெயர் என்று ஊரார் சொல்லுகிறார்கள். 2025-ஆம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மதுரை மல்லிகைக்கு 2013-லேயே கிடைத்த பெருமை அது.

"பெருமை வந்தாச்சு, கட்டுவதற்குக் கை வரவில்லையே, ஸார்வாள்! என் மகன் நாகர்கோவிலில் கம்பெனி வேலை பார்க்கிறான். மருமகள்தான் என் கூட உட்கார்ந்து படித்துக்கொண்டாள்" என்றார் பெரியவர். அந்த அம்மாள் தலை நிமிராமல் சிரித்தாள். அவள் விரலும் நிற்கவில்லை.

பூ வியாபாரத்தின் கஷ்டத்தை அவர் இரண்டு வார்த்தையில் விளக்கிவிட்டார். மல்லிகையை மொட்டாக இருக்கும்போதே விடியுமுன் பறித்தாக வேண்டும், சாயங்காலம் அது மலர்ந்துவிடும், மறுநாள் குப்பை. பனிக் காலத்தில் பூக் குறைவு, ஆனால் தை முகூர்த்தங்கள் வந்து விலையை ஏற்றும். கோடையில் பூ கொள்ளாது. விலை கீழே விழும். அரிசி வியாபாரி நாளைக்கு விற்கலாம். பூக்காரருக்கு நாளை என்பதே கிடையாது. இந்த அழகில் வாடாத பிளாஸ்டிக் மாலை வேறு எதிர்க் கடையில் தொங்குகிறது!

பேசிக்கொண்டிருக்கையில் ஒரு பையன் சைக்கிளில் வந்து இறங்கினான். "தாத்தா போயிட்டா" என்றான். அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை.

பெரியவர் கலியாண மாலையை மெள்ள மருமகளின் மடியில் வைத்தார். பையனை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். சம்பங்கியையும் கேந்தியையும் எடுத்து வேறு மாலை தொடுக்கத் தொடங்கினார். முகூர்த்தத்துக்கு மாலை கேட்டு டெலிபோன் மணி இரு முறை அடித்தது. "வந்துவிடும்" என்று மட்டும் மருமகள் பதில் சொன்னாள்.

மாலை முடிந்தது. பையன் சட்டைப் பையில் கை விட்டான். "வைத்துக்கொள், மக்கா. கலியாணத்துக்குப் பேரம் பேசலாம், இதற்கு நான் விலை சொல்லுகிறதில்லை" என்றார். பிறகு மாடத்திலிருந்து வாழையிலைப் பொட்டலம் ஒன்றை எடுத்தார். ஒரு முழம் பிச்சி. இறந்தவர் தினமும் விடிந்ததும் தம் வீட்டு அம்மன் படத்துக்கு வாங்கிப் போவாராம். இன்றைக்கும் அவருக்காகக் கட்டி வைத்திருந்தது. அதை மாலையின் மேல் வைத்துக் கொடுத்தார்.

"நீ போ, நான் பின்னாலேயே வருகிறேன்" என்று சொல்லித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

நமக்குச் சற்று வெட்கமாயிருந்தது. வீட்டு வாசலில் வரும் பூக்காரியிடம் ஒரு முழத்துக்கு எத்தனை நாள் வாதாடியிருக்கிறோம்! அவள் முழங்கை குட்டை என்றுகூடக் குறை சொன்னதுண்டு. விடியுமுன் பறித்த கையையும், தொடுத்த கையையும் நாம் கணக்கில் சேர்த்ததே இல்லை.

நேயர்கள் அடுத்த முறை குமரிக்குப் போகும்போது தோவாளையில் இறங்கிப் பாருங்கள். ஒரு முழம் பூவாவது வாங்குங்கள். சொன்ன விலையைக் கொடுங்கள்.